பால்வெட்டும் உயிரியல் பாடமும்

உயிரியல் பயிற்றிகளைப் பற்றி இலக்கிய இதழில் எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் சிரித்தார். மலேசியாவில் தமிழில் அதிகம் பேர் வாசிக்கும் உரைநடை எது என்று அவரிடம் கேட்டேன். நாவலா, சிறுகதையா? ஒரு தொகுப்பு சில நூறு பிரதிகள் போனாலே நமக்குப் பெரிய காரியம். 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் தினமும் புரட்டப்படும் பாடநூல்களும் பயிற்றிகளும்தான் அந்த உரைநடை. அதை யாரும் விமர்சிப்பதில்லை. எழுத்துப்பிழை இருந்தால் புலனத்தில் படம் போட்டுத் திட்டுவோம், அவ்வளவுதான்.

நான் கெடாவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். சில மாதங்களாகக் கையில் கிடைத்த அறிவியல் பயிற்றிகளையும் பயிற்சி நூல்களையும் ஆசிரியர் குழுக்களில் சுற்றும் தாள்களையும் சேர்த்து வாசித்தேன். ஆரம்பப்பள்ளிக்கான தமிழ்ப் பயிற்றிகள், படிவம் 4, 5க்கான மலாய், ஆங்கிலப் பயிற்றிகள் இரண்டும் அதில் உண்டு. எந்தப் பதிப்பகம், எந்த ஆசிரியர் என்பது இங்கே முக்கியமில்லை. ஒன்றைப் படித்தால் இன்னொன்றைப் படித்த மாதிரிதான் இருக்கிறது.

அநேகமாக எல்லாவற்றிலும் 'நம்மைச் சுற்றியுள்ள தாவரங்கள்' என்கிற பாணியில் ஒரு பக்கம் வருகிறது. செம்பருத்தி, வாழை, தென்னை, ரப்பர், தொட்டாச்சிணுங்கி. வண்ணப் படங்கள் நன்றாகவே இருக்கின்றன. செம்பருத்திக்குக் கீழே ஒரு கட்டம், 1960இல் அது தேசிய மலரானது என்று. அடுத்த பக்கத்தில் பூவின் பாகங்களைக் குறிக்கச் சொல்கிறார்கள். வீட்டு வேலியில் பூக்கும் அடுக்குச் செம்பருத்தியைப் பறித்துவந்து பார்க்கும் பிள்ளை படத்தில் இருக்கும் அந்த நீளமான மகரந்தத் தண்டைத் தேடித் திணறும். அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்கள் பலவும் இதழ்களாக மாறிவிட்டிருக்கும். பாதி இதழாகவும் பாதி மகரந்தத் தாளாகவும் நடுவில் நிற்கும் உறுப்பைக்கூட அதில் பார்க்கலாம். ஒரு பூவின் உறுப்பு இன்னோர் உறுப்பாக மாற முடியும் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! பயிற்றிக்கு அது தேவைப்படவில்லை. படத்தில் உள்ளது போன்ற பூவைத்தான் கொண்டுவர வேண்டும்.

உள்ளூர்ச் செடி இருக்கிறது, உள்ளூர் அறிவு இல்லை. என் புகார் இதுதான். ரப்பரை எடுத்துக்கொண்டால் இது எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியும்.

நான் வாசித்த பயிற்றிகளில் ரப்பருக்குக் கிடைத்திருப்பது ஒரு வரி: காய் வெடித்து விதை பரவும். விதை பரவல் பாடத்தில் 'வெடித்தல்' என்ற தலைப்புக்கு உதாரணம். சரியான தகவல்தான். ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். நல்ல வெயிலில், மதிய நேரத்தில் 'டப்' என்று கேட்கும். மழை நாளில் கேட்காது. பொறுக்கிய கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து அடுத்தவன் தொடையில் சூடு வைத்தவர்கள் நாம். ஏன் வெயிலில் மட்டும் வெடிக்கிறது என்று ஒரு கேள்வி, காய்ந்துபோகும் காயின் ஓட்டில் என்ன நடக்கிறது என்று இன்னொரு கேள்வி. தாய்மரத்திலிருந்து எத்தனை அடி தள்ளி விழுந்திருக்கிறது என்று கயிறு பிடித்து அளக்க ஒரு வேலை. அந்தக் கொட்டை தண்ணீரில் மிதக்கும், வாய்க்காலில் போகும். அமேசானில் வெள்ளக் காலத்தில் அது ஆற்றோடு போகிறது, மீன்கள் அதைக் கடித்துத் தின்கின்றன. அப்படியென்றால் 'வெடித்தல்' என்கிற ஒரே கட்டத்தில் டிக் போட்டால் முழு விடை ஆகுமா? தோட்டத்துப் பிள்ளைக்குப் பாதி விடை முன்பே தெரியும். நமது பயிற்றி அந்தப் பாதியைக் கேட்கவே இல்லை.

இது விதை மட்டும். மரத்துக்கு வருவோம்.

என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். காண்டா வாளி தூக்கித் தோள் காய்த்துப்போனவர். எழுதப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். அவர் சொன்னவற்றில் சிலவற்றை அப்படியே எழுதுகிறேன்.

"இருட்டோட போயிடணும்டா. வெயில் ஏறிட்டா பால் நின்னுடும்."

"எடது பக்கம் ஒசத்தி, வலது பக்கம் எறக்கி வெட்டணும். மாத்தி வெட்டுனா பால் கொறையும்."

"கட்டை தெரிஞ்சிச்சின்னா போச்சி. மரம் முண்டு முண்டா வீங்கிடும், அப்புறம் அந்தப் பக்கம் வெட்டவே முடியாது."

"சுத்தி வெட்டக்கூடாது. பாதிதான். மீதி பாதியில மரம் சாப்பிடணும் இல்ல?"

இவை நான்கும் நான் படிவம் 5 மாணவர்களுக்கு எஸ்.பி.எம். தேர்வுக்காகச் சொல்லிக்கொடுக்கும் பாடம். இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கும், நீராவிப்போக்கு குறைவு, செல்களில் நீர் நிறைந்து உள்ளழுத்தம் கூடியிருக்கும். விடியற்காலையில் பட்டையைக் கீறினால் அந்த அழுத்தம் பாலை வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறி இலைகள் நீரை இழுக்கத் தொடங்கினால் அழுத்தம் இறங்கிவிடும். அடுத்தது சாய்வு. பால்குழாய்கள் மரத்தில் நேர்செங்குத்தாக ஓடுவதில்லை. கீழே இடப்பக்கத்திலிருந்து மேலே வலப்பக்கமாகச் சில பாகை சாய்ந்து போகின்றன. அதற்குக் குறுக்காக, இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். மூன்றாவது கேம்பியம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் அந்த மெல்லிய அடுக்குதான் புதுப்பட்டையை உருவாக்குகிறது. உளி அதைத் தொட்டுவிட்டால் புதுப்பட்டை சீராக வளராது. ஆகவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து வெட்ட வேண்டும், அதுவும் தலைவிளக்கு வெளிச்சத்தில். நான்காவது புளோயம். இலையில் செய்த உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. பட்டையை வளையமாக உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கும்.

கடைசியாகச் சொன்னது உலகம் முழுவதும் பாடநூல்களில் வரும் சோதனை. பட்டையை வளையமாக நீக்கினால் வெட்டுக்கு மேலே வீங்கும், கீழே வாடும், எனவே புளோயம் உணவைக் கடத்துகிறது என்று முடிவு. என் வகுப்பில் இந்தப் படத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளில் பால்வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். 'மீதி பாதியில மரம் சாப்பிடணும்' என்ற வாக்கியம் அவர்கள் வீட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இரண்டும் சந்திப்பதில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உள்ளூர் அறிவு என்றால் உடனே 'ஆதித்தமிழன்', 'மூவாயிரம் ஆண்டு' என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. பால்வெட்டும் அறிவு அப்படிப்பட்டதில்லை. 1876இல் பிரேசிலிலிருந்து விக்கம் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளில் கியூ தோட்டத்தில் முளைத்தவை 2,700 போல. அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகள். மரத்தைக் கொல்லாமல் அதே வெட்டைத் திரும்பத் திரும்பச் சீவும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் உருவாக்கியவர், 1888இல் அங்கே இயக்குநராக வந்த ரிட்லி. ஆக அம்மாவின் அறிவுக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். ஒரு வெள்ளைக்காரரின் சோதனையில் தொடங்கியது, கூலிக்காரர்களின் கையில் நிலைத்தது. ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதிரி. எந்த மரம் மழைக்குப் பிறகு அதிகம் தரும், எது இலையுதிர் மாதங்களில் வற்றிப்போகும், எந்தப் பட்டை கத்திக்கு வழுக்கும் என்பதெல்லாம் நாளுக்கு நானூறு ஐந்நூறு மரம் வெட்டியவருக்குத் தெரியும், அறிக்கை எழுதியவருக்குத் தெரியாது. வேலையிலிருந்து பிறந்த அறிவு இது. பழமையானது இல்லை என்பதால் இது சிறியதாகிவிடாது.

இந்த இடத்தில் பயிற்றிகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் கதைகளையும் எடுத்துப் பாருங்கள். தோட்டத்தைப் பற்றி எத்தனை கதைகள், எத்தனை கவிதைகள்! ரப்பர் மரம் அழுகிறது, இரத்தத்தைப் பாலாகச் சொரிகிறது, கூலியின் வாழ்வைப் போலவே கீறப்படுகிறது. அந்தத் துயரம் பொய்யில்லை. ஆனால் பால்வெட்டுபவர் நம் புனைவில் பெரும்பாலும் பாடுபடும் உடலாகத்தான் வருகிறார். கங்காணி திட்டுவார், அட்டை கடிக்கும், மங்கில் மழைநீர் நிறையும். அந்தப் பெண்ணின் மணிக்கட்டு ஒரு மில்லிமீட்டரைக் கணக்கிடும் நொடியை எழுதியவர்கள் எத்தனை பேர்? பாடநூலில் அவர் இல்லவே இல்லை, இலக்கியத்தில் இரக்கத்துக்குரியவராக மட்டும் இருக்கிறார். அறிந்தவராக இரண்டிலும் இல்லை. இளம் எழுத்தாளர்கள் சிலர் தாத்தா பாட்டியைப் பேட்டி எடுத்துக் குறிப்பு வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். கஷ்டத்தைக் கேட்டது போதும், வேலையைக் கேளுங்கள் என்பதே நான் அவர்களிடம் சொல்வது. எப்படி வெட்டுவீங்க பாட்டி, காட்டுங்க என்று கேட்டால் அந்தக் கை உடனே எழுந்துவிடும்.

அடுத்து, பெயர். தமிழ்ப் பயிற்றிகளில் செடிகளின் பெயர்களைப் பார்த்தால் அவை ஒட்டிய சீட்டுகளாகத்தான் தெரியும். பெயருக்குள் ஒருவர் பார்த்த பார்வை இருக்கிறது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. பூந்தொட்டியில், நடைபாதை விரிசலில், பள்ளித் திடலின் ஓரத்தில் எல்லாம் முளைக்கும் ஒரு சிறு செடி, கீழாநெல்லி. கீழே காய்க்கும் நெல்லி. மலாய்க்காரர்கள் அதை டுக்கோங் அனாக் என்கிறார்கள், பிள்ளையைச் சுமப்பது. தாவரவியல் பெயர் பில்லாந்தஸ், கிரேக்கத்தில் இலையும் பூவும் சேர்ந்த சொல். மூன்று மொழிக்காரர்கள், ஒருவரையொருவர் கேட்காமல், ஒரே இடத்தைக் குனிந்து பார்த்திருக்கிறார்கள்: இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் காய்கள்.

இது வெறும் சொல் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். கீழாநெல்லியின் ஒரு கிளையைப் பார்த்தால் முருங்கை, கறிவேப்பிலை போலக் கூட்டிலை என்றுதான் தோன்றும், நடுவில் ஒரு காம்பு, இருபுறமும் சிற்றிலைகள். ஆனால் கூட்டிலையில் சிற்றிலையின் அடியில் மொட்டு வராது, பூக்காது, காய்க்காது. இலையின் அடியில்தான் வரும். கீழாநெல்லியிலோ ஒவ்வொரு சின்ன இலையின் அடியிலும் பூவும் காயும் இருக்கின்றன. அப்படியானால் நாம் சிற்றிலை என்று நினைத்தது முழு இலை, காம்பு என்று நினைத்தது கிளை! எது இலை, எது சிற்றிலை என்கிற குழப்பம் பல்கலைக்கழக மாணவர்களையும் விடுவதில்லை. விடை பாட்டி வைத்த பெயரில் இருக்கிறது. திடலில் ஒரு செடியையும் வீட்டுக் கறிவேப்பிலைக் கிளை ஒன்றையும் பக்கத்தில் வைத்தால் பத்து நிமிடப் பாடம். செலவு ஒன்றுமில்லை. உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி வேண்டும் வேண்டும் என்று பட்டறைக்குப் பட்டறை கேட்கிறோமே, அது மிதிபட்டுக் கிடக்கிறது.

பயிற்றிகளில் கீழாநெல்லி வராமலில்லை. ஒரு தமிழ்ப் பயிற்றியில் 'மூலிகைகளை அறிவோம்' என்ற கட்டத்துக்குள் இருந்தது. 'மஞ்சள் காமாலையைக் குணப்படுத்தும்' என்று ஒரு வரி, கீழே கைகூப்பிய ஒரு பொம்மை. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அறிவியல் புத்தகத்துக்குள் வந்துவிட்ட ஒரு கூற்றை யாரும் எதுவும் கேட்காமல் கும்பிட்டு நகரச் சொல்வது மரபுக்கும் மரியாதையில்லை, அறிவியலுக்கும் மரியாதையில்லை.

நடந்த கதை அதைவிடச் சுவாரசியமானது. காமாலைக்குக் கீழாநெல்லி கொடுக்கும் வழக்கத்தை எடுத்துக்கொண்டு சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹெப்படைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களிடம் சோதித்தார்கள். ஹெப்படைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். 1988இல் லான்செட் இதழில் வந்தது. கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது, போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். பெரிய பரபரப்பு. பிறகு வேறு நாடுகளில் செய்துபார்த்தபோது அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. இன்றுவரை உறுதியான சான்று நிற்கவில்லை.

இதில் எவ்வளவு பாடம் இருக்கிறது! போலி மருந்து எதற்கு? 37 பேர் போதுமா? செடி வளர்ந்த மண் வேறானால் மருந்தும் மாறுமா? ஒரே மாதிரி தெரியும் நான்கைந்து கீழாநெல்லி இனங்களில் எதைப் பறித்தார்கள்? காமாலை என்பது ஒரே நோயா, பல நோய்களின் அறிகுறியா? தானாகவே சரியாகும் காமாலைக்கு எந்தக் கஷாயம் கொடுத்தாலும் குணமானதாகத்தானே தோன்றும்? பாட்டியின் கூற்றுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய மரியாதை அதைச் சோதனைக்குத் தகுதியானதாக எடுத்துக்கொள்வது. தோற்றாலும் பரவாயில்லை. நித்தியகல்யாணியை நீரிழிவுக்கென்று பல நாடுகளில் கொடுத்துவந்தார்கள். அதைச் சோதிக்கப் போனவர்கள் கண்டது வெள்ளையணுக்களைக் குறைக்கும் ஒரு பொருளை, அதிலிருந்து வந்தது இரத்தப் புற்றுநோய் மருந்து. கேட்ட கேள்விக்கு விடை வராமல் கேட்காததற்கு வந்தது. நம் பயிற்றிகளில் நித்தியகல்யாணி ஐந்து இதழ்களுக்காக நிற்கிறது.

மூலிகைக் கட்டங்களைப் பற்றி இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. உள்ளூர் அறிவு என்றதும் துளசி, வேம்பு, கற்பூரவள்ளி என்று நல்ல பிள்ளைகளாகப் பொறுக்கி எடுக்கிறோம். கசப்பானதை எடுப்பதில்லை. லாலானை எடுங்கள். தோட்டத்துப் பெண்களில் பலர் வருடக்கணக்கில் செய்தது மருந்தடிக்கும் வேலை. களைக்கொல்லிக்கு நம் மக்கள் வைத்த பெயர் மருந்து, இதைவிடக் கொடூரமான நகைச்சுவை எந்தக் கதையிலும் நான் படித்ததில்லை. முதுகில் தோம்பு, மூக்கில் கட்டிய துணி. அவர்களுக்குத் தெரிந்தது: ஒரு மருந்து அடித்தால் வெயிலில் சீக்கிரம் கருகும், ஆனால் "அடியிலேருந்து திரும்ப வந்துடும்". இன்னொன்று மெதுவாகத்தான் மஞ்சளாக்கும், ஆனால் லாலான் திரும்பாது.

முதலாவது பாராகுவாட். பட்ட பச்சையை மட்டும் எரிக்கும். ஒளிச்சேர்க்கையின் ஒளிவினையில் ஓடும் எலக்ட்ரான்களை இடையில் பறித்துச் செல்லைச் சிதைக்கிறது, அதனால்தான் வெளிச்சம் இருந்தால் வேகம். மண்ணுக்கடியில் ஓடும் மட்டத்தண்டுக்கு அது போய்ச்சேராது. இரண்டாவது கிளைபோசேட். புளோயம் வழியாக இறங்கி மட்டத்தண்டையும் கொல்லும். ஒளிவினை, புளோயம், மட்டத்தண்டு, மூன்றும் பாடத்திட்டத்தில் உள்ள தலைப்புகள். மூன்றையும் தோளில் சுமந்து நடந்த பெண்களின் நகமும் மூக்கும் கண்ணும் என்ன ஆயின என்று தெனாகானித்தா அமைப்பு 2002இல் ஆய்வறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டே பாராகுவாட்டுக்குத் தடை வரும் என்றார்கள். 2006இல் தளர்த்தினார்கள். முழுத் தடை வந்தது 2020 ஜனவரி முதல் தேதி. இதை உயிரியல் வகுப்பில் சொல்லக்கூடாது என்று எந்தக் கலைத்திட்டமும் சொல்லவில்லை. சொல்லும் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் சக ஆசிரியர்களிடம் பேசும்போது வரும் முதல் பதில், "சிலபஸ் முடிக்கவே நேரமில்ல சார்." நியாயம். நான் புதுப்பாடம் சேர்க்கச் சொல்லவில்லை, இருக்கும் பாடத்துக்கு உதாரணத்தை மாற்றச் சொல்கிறேன். வேர்முடிச்சுக்கு ஏன் எப்போதும் பட்டாணிச் செடி? நம் பிள்ளைகள் பட்டாணிச் செடியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். சங்குப்பூ கொடியைப் பிடுங்கினால் முடிச்சு இருக்கும். அதே சங்குப்பூவின் நீலச்சாறு எலுமிச்சை பட்டால் ஊதாவாகும், நாசி கெராபு சாப்பிட்ட எல்லாருக்கும் அந்த நீலம் தெரியும்.

இரண்டாவது பதில் கொஞ்சம் கனமானது. தோட்டமே இல்லை, பிள்ளைகள் அடுக்குமாடியில் இருக்கிறார்கள், இனி யாருக்குப் பால்வெட்டு? உண்மைதான். என் மாணவர்களில் பாதிப் பேர் ரப்பர் மரத்தைச் சாலையோரத்தில் காரிலிருந்து பார்த்தவர்கள். ஆனால் உள்ளூர் என்பது தோட்டம் மட்டுமா? மூன்றாவது மாடியில், நெஸ்கஃபே டின்னிலோ பெயிண்ட் வாளியிலோ, ஒரு கறிவேப்பிலைச் செடி இல்லாத தமிழர் வீடு உண்டா? அதில் ஒருநாள் பறவை எச்சம் போல ஒரு புழு உட்கார்ந்திருக்கும். சில நாளில் பச்சையாகும். தொட்டால் தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டும், நாறும். "எலுமிச்சையிலயும் இந்தப் புழுதான்டி வரும், பக்கத்துல மொளகா செடிய தொடாது பாரு" என்று அம்மாக்கள் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே நசுக்கியும் விடுவார்கள். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே தாவரக் குடும்பம் என்பதைத் தாவரவியலாளர்கள் பூவை அறுத்துக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பட்டாம்பூச்சி வாசனையில் கண்டுபிடித்தது. அம்மா பட்டாம்பூச்சியைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் இரண்டிலும் தெரியும். பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி எல்லா ஆரம்பப்பள்ளிப் பயிற்றியிலும் இருக்கிறது, நான்கு அம்புக்குறிகளோடு வட்டமாக. அந்த வட்டத்தில் புழு உட்கார்ந்திருக்கும் இலைக்கு மட்டும் பெயர் இல்லை.

மொழி மாறும் இடத்தில் இன்னும் கொஞ்சம் அறுபடுகிறது. ஆறாம் ஆண்டுவரை 'ஒளிச்சேர்க்கை' என்று படித்த பிள்ளைக்குப் படிவம் 1இல் அது ஃபோத்தோசிந்தேசிஸ். கலைச்சொல் போனால் போகட்டும், பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். கலைச்சொல்லோடு வீட்டுச்சொல்லும் வெளியேறிவிடுகிறது என்பதுதான் வருத்தம். என் வகுப்பில் தாவரம் வரும்போதெல்லாம் வெண்பலகையில் பல கட்டங்கள் போடுகிறேன், மலாய், தமிழ், சீன மொழிப் பெயர்கள் எழுத. பிள்ளைகள்தான் வீட்டில் கேட்டு நிரப்ப வேண்டும். வேம்புக்கு மலாயில் 'செமாம்பு' என்று அமினா எழுதட்டும், முருகன் எழுதட்டும், இரண்டு சொல்லும் பக்கத்தில் நின்றதும் வகுப்பே ஒருதரம் சிரிக்கும். செண்டுடுக் பழம் தின்றால் நாக்கு கறுக்கும். அந்தச் செடியின் அறிவியல் பெயரான மெலாஸ்தோமாவுக்குப் பொருளும் கறுத்த வாய் என்பதுதான். லத்தீன் பெயர்களைக் கண்டு பிள்ளைகள் அதற்குப் பிறகு பயப்படுவதில்லை.

யாருடைய அறிவு என்ற கேள்வியையும் விட்டுவிட முடியாது. இந்த மண்ணின் காடுகளை நம்மைவிட நெடுங்காலம் அறிந்தவர்கள் ஓராங் அஸ்லி மக்கள். நான் பார்த்த பயிற்றிகளில் அவர்கள் ஊதுகுழலோடு ஒரு படமாக வருகிறார்கள். பர்க்கில் 1935இல் வெளியிட்ட இரண்டு பெரிய தொகுதிகள் தீபகற்பத்தின் செடிகளையும் அவற்றின் உள்ளூர்ப் பயன்களையும் அகரவரிசையில் அடுக்குகின்றன. இன்றும் ஆசிரியர்கள் புரட்ட வேண்டிய நூல் அது. ஆனால் அதன் தலைப்பே 'பொருளாதார விளைபொருள்கள்' என்பதையும் கவனிக்க வேண்டும், காடு அங்கே ஒரு கிடங்கு. இப்போது 795ஆம் சட்டம் இருக்கிறது, 2017இல் இயற்றப்பட்டது. பழங்குடி மக்களின் தாவர அறிவை ஆய்வுக்கோ வணிகத்துக்கோ எடுப்பவர்கள் அவர்களுடைய ஒப்புதலைப் பெற வேண்டும், பலனைப் பகிர வேண்டும். பள்ளிப் பயிற்றி வணிகமில்லை, சரி. ஆனாலும் 'முன்னோர் கூறினர்' என்று மொட்டையாக எழுதும் பழக்கத்தை நாம் நிறுத்தலாம். எந்த ஊர், என்ன வேலை செய்தவர், எந்த மொழியில் சொன்னார் என்று அவர் சம்மதத்தோடு ஒரு வரி எழுதினால் போதும். மேற்கோள் காட்டுவது பல்கலைக்கழகத்துக்கு மட்டும் உரிய ஒழுக்கமா என்ன?

இந்த மாதிரித் தாள்களை நான் வகுப்புக்கு எழுதிப் பார்க்கிறேன். எல்லாம் வெற்றி என்று சொல்ல மாட்டேன். சில பிள்ளைகள் இணையத்திலிருந்து 'பாட்டி சொன்னது' என்று எடுத்துக்கொண்டு வருகிறார்கள், ஒரே பாட்டி எட்டுப் பேருக்குச் சொல்லியிருப்பார். போன தவணையில் பாலிலா இனப்பெருக்கத்துக்குப் பாண்டான் செடியைக் கொடுத்திருந்தேன். வீட்டில் பெரியவர்களிடம் ஒரே கேள்வி கேட்டுவர வேண்டும்: பாண்டான் பூத்துப் பார்த்திருக்கிறீர்களா?

ஒரு மாணவி பாட்டியிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். பாட்டிக்கு எழுபத்தாறு வயது, சமையலுக்குப் பாண்டான் நறுக்காத வாரமில்லை. "பூவா? அதுக்கு ஏது பூவு" என்றாராம். இருபத்தெட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்த பதில் எல்லாம் அதேதான். சமையலுக்குரிய பாண்டான் பூப்பது மிக அரிது, அப்படிப் பூத்ததும் ஆண் பூதான், காட்டில் தானாக வளரும் செடியாக அது அறியப்படவில்லை, மனிதர்கள் பக்கக்கன்றைப் பிடுங்கி நட்டு நட்டுத்தான் அது ஊர் ஊராகப் போனது என்றேன். வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பியபிறகும் அவள் நின்றாள்.

"அப்ப எங்க பாட்டி வீட்டு பாண்டானும் அமினா வீட்டு பாண்டானும் ஒரே செடியா சார்?"

இருக்கலாம், எப்படித் தெரிந்துகொள்வாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். எல்லார் வீட்டிலிருந்தும் ஒரு இலை கொண்டுவரச் சொல்லலாமா சார் என்றாள். இலையை வைத்து முடியாது, கன்றாகக் கொண்டுவந்து ஒரே மண்ணில் வைத்துப் பார்க்கணும் என்றான் புத்தகப்பையை மாட்டிக்கொண்டிருந்த இன்னொருவன். பள்ளிக் கூட்டுறவுக் கடைக்குப் பின்னால் கொஞ்சம் வெற்று இடம் இருக்கிறது. அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.